தண்ணீர் வளர்த்த ஐந்து வாரங்கள்

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஐந்து வாரங்களுக்கு மீன் இல்லாத மீன் தொட்டி ஒன்று இருந்தது. தண்ணீர் இருந்தது, கல் இருந்தது, செடிகள் இருந்தன, மாலை நான்கு மணி ஆனால் விளக்கும் தானாக எரிந்தது. வீட்டுக்கு வந்தவர்கள் கண்ணாடியில் மூக்கு படும் அளவுக்குக் குனிந்து ஒரு நிமிடம் தேடிவிட்டு, "மீன் எங்கேப்பா?" என்று கேட்பார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டு, "அவன் தண்ணி வளர்க்கிறான்" என்று சொல்லிவிடுவார். கேலிக்காகச் சொன்னதுதான். ஆனால் அந்த ஐந்து வாரங்களில் நான் செய்துகொண்டிருந்ததை அதைவிடச் சரியாக யாரும் சொல்லிவிட முடியாது.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் நான் முதல் தொட்டி வாங்கியபோது, கடைக்காரர் தொட்டி, மோட்டார், நீல நிறக் கற்கள், பிளாஸ்டிக் செடி, நான்கு தங்கமீன்கள் ஆகிய எல்லாவற்றையும் ஒரே ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவைத்தார். அன்று மாலையே மீன்கள் நீந்தின. நான்காம் நாள் ஒரு மீன் நீரின் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. பத்தாம் நாள் தொட்டி காலியாகிவிட்டது. இடையில் நான் சும்மா இருக்கவில்லை. தண்ணீரை மொத்தமாக மாற்றினேன், கல்லுப்பு போட்டேன், கடையில் கொடுத்த நீல மருந்தை ஊற்றினேன், ஃபில்டரைக் குழாயடியில் வைத்துப் பளபளவென்று கழுவினேன். கடைசியாகச் சொன்ன அந்த ஒரு காரியம்தான் எல்லாவற்றையும் விடக் கெடுதலானது என்பது வெகுகாலம் கழித்துத்தான் புரிந்தது.

மீன் தன் செவுள்கள் வழியாக அம்மோனியாவை ஓயாமல் வெளியேற்றிக்கொண்டே இருக்கிறது; தின்னாமல் விட்ட தீனியும் கழிவும் அழுகும்போது வருவதும் அம்மோனியாதான். ஓடையில் அது அடித்துக்கொண்டு போய்விடும், ஏரியில் கரைந்து ஒன்றுமில்லாமல் ஆகிவிடும், நான்கு கண்ணாடிகளுக்கு நடுவே அடைபட்ட ஐம்பது லிட்டர் நீரிலோ அது சேர்ந்துகொண்டே போகும். அதை நைட்ரைட்டாக மாற்றும் நுண்ணுயிரிகள் ஒரு வகை, நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுபவை இன்னொரு வகை. அம்மோனியாவும் நைட்ரைட்டும் மீனுக்கு நஞ்சு. நைட்ரேட்டை மீன் ஓரளவு தாங்கும், செடிக்கு அது உரமும் ஆகும். இந்த நுண்ணுயிரிகள் நீரில் மிதந்து திரிபவை அல்ல. ஃபில்டரின் ஸ்பான்ஞ்சிலும் கல்லிலும் இலையிலும் ஒட்டிக்கொண்டு, மற்ற பாக்டீரியாக்களோடு ஒப்பிட்டால் மிக மெதுவாகப் பெருகுபவை. புதிய தொட்டியில் அவை போதிய அளவு பெருகுவதற்குப் பொதுவாக நான்கிலிருந்து ஆறு வாரங்கள் பிடிக்கும். நைட்ரைட்டை மாற்றுவது நைட்ரோபாக்டர் என்றுதான் நெடுங்காலம் எழுதிவந்தார்கள். நன்னீர்த் தொட்டிகளில் அந்த வேலையைச் செய்வது நைட்ரோஸ்பைரா இனம் என்று 1998-இல் ஆய்வாளர் டிமோத்தி ஹோவனெக்கும் அவருடைய குழுவினரும் காட்டினார்கள். பெயர் எதுவாக இருந்தாலும், குழாய்த் தண்ணீரில் உள்ள குளோரின் அவற்றைக் கொல்லும் என்பதை மட்டும் மனத்தில் வைத்தால் போதும். நான் ஃபில்டரைக் கழுவிய நாளன்று, ஒட்டத் தொடங்கியிருந்த கொஞ்சநஞ்சத்தையும் சாக்கடையில் விட்டிருந்தேன்.

செடி இந்தக் கணக்கை இன்னும் எளிதாக்குகிறது, ஏனெனில் பெரும்பாலான நீர்ச்செடிகள் அம்மோனியத்தை (நீரில் அம்மோனியா எடுக்கும் இன்னொரு வடிவம்) நேரடியாகவே உறிஞ்சிக்கொள்ளும். இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. லண்டனில் இருந்த வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன் ஏறத்தாழ 12 காலன் நீரில் இரண்டு தங்கமீன்களையும் வாலிஸ்நேரியா செடியையும் சேர்த்து வளர்த்துப் பார்த்து, அந்தச் சோதனையைப் பற்றி 1850-இல் எழுதினார். அவருடைய தொட்டியும் ஒழுங்காகத் தொடங்கவில்லை: பழைய இலைகள் அழுகி நீர் கலங்கியது, கண்ணாடியில் பாசி படர்ந்தது. குளத்து நத்தைகள் சிலவற்றைக் கொண்டுவந்து விட்ட பிறகு அவை அழுகிய இலையைத் தின்று, நீர் தெளிந்தது. இன்று கடையில் வாங்கும் செடியோடு ஒட்டிக்கொண்டு வரும் குட்டி நத்தையைப் பார்த்துப் பதறுகிறவர்கள் இதை ஒரு முறை நினைத்துக்கொள்ளலாம்.

இனி என் தொட்டிக்கு வருகிறேன். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஒன்றேகால் அடி உயரம். இரண்டரை கன அடி என்றால் 70 லிட்டருக்குச் சற்று மேல். கல்லையும் கட்டையையும் மேலே விடும் இடைவெளியையும் கழித்தால் உண்மையில் நிற்கும் நீர் 55 லிட்டர். தொடக்கக்காரர்களுக்குச் சிறிய தொட்டிதான் எளிது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை அதற்கு நேர் எதிர்: நீர் குறையக் குறைய ஒரு சிட்டிகை தீனி கூடிப்போனாலும் தாங்காது. மேசை மீது வைக்கும் பத்து லிட்டர் கிண்ணத்தை அனுபவசாலிகளிடம் விட்டுவிட்டு, இடம் இருந்தால் இரண்டடியில் தொடங்குவது நல்லது. நிரம்பிய தொட்டி 90 கிலோவை நெருங்கும் என்பதால் மேசை உறுதியாக இருக்க வேண்டும். தொட்டிக்கு அடியில் ஒரு தெர்மாகோல் பலகையைப் போட்டால் மேசையின் சிறு மேடுபள்ளங்கள் கண்ணாடியைப் பதம் பார்க்காது. ஜன்னல் வெயில் நேராக விழும் இடம் வேண்டாம். ஏர் மோட்டாரை நீர்மட்டத்துக்கு மேலே வையுங்கள். கீழேதான் இடம் என்றால் குழாயில் நீர் திரும்பி வராமல் தடுக்கும் செக் வால்வு ஒன்றைப் போடுங்கள், இல்லாவிட்டால் மின்சாரம் போகும் இரவில் தொட்டித் தண்ணீர் குழாய் வழியாக மோட்டாருக்குள் இறங்கிவிடும்.

தண்ணீரைப் பற்றிச் சென்னையில் இருப்பவர் இரண்டு வரியில் எழுதிவிட முடியாது. எங்கள் அடுக்ககத்து போர் தண்ணீரில் டிடிஎஸ் மீட்டரை வைத்தால் 900 காட்டுகிறது. சமையலறை ஆர்ஓ நீரில் 60. முதலாவதில் பல செடிகள் கருகும், இரண்டாவதிலோ செடிக்கும் நத்தையின் ஓட்டுக்கும் வேண்டிய கால்சியமும் மக்னீசியமும் ஏறக்குறைய இல்லை. மூன்று பங்கு ஆர்ஓ நீருக்கு ஒரு பங்கு போர் நீர் என்று கலந்தால் 270 வருகிறது, அதைத்தான் நான் பயன்படுத்துகிறேன். ஆனால் டிடிஎஸ் என்பது கரைந்திருக்கும் பொருளின் மொத்த அளவை மட்டுமே சொல்லும், கரைந்திருப்பது சுண்ணமா சாப்பாட்டு உப்பா என்று சொல்லாது. கடற்கரையை ஒட்டிய பகுதிகளில் உப்பேறிய போர் நீரை இப்படிக் கலந்து ஏமாறக்கூடாது. வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிந்தால் சுண்ணம் என்று தெரிந்துகொள்ளலாம், வாயில் வைத்தால் கரிப்பது உப்பு. மெட்ரோ வாட்டர் கிடைப்பவர்கள் அதையே பயன்படுத்தலாம், ஆனால் குளோரின் போக வாயகன்ற வாளியில் ஒரு நாள் திறந்து வைக்க வேண்டும், அல்லது சோடியம் தயோசல்ஃபேட் கலந்த குளோரின் நீக்கியில் சில சொட்டுகள் விட வேண்டும்.

நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஹெச் அளவையும் ஒரு முறையேனும் பார்த்துவைத்துக்கொள்வது நல்லது. பிஹெச் 7-இல் உள்ள நீரில் அம்மோனியாவின் நஞ்சான வடிவம் மொத்தத்தில் ஒரு சதவீதத்தைக்கூட எட்டாது. பிஹெச் 8 ஆனால் அது ஏறக்குறைய பத்து மடங்காகிவிடும். ஒருவர் தொட்டியில் பிழைத்த மீன் அடுத்த வீட்டுத் தொட்டியில் சாவதற்கு 'கைராசி' காரணமல்ல.

அடிமண்ணில்தான் நான் சறுக்கினேன். தோட்ட மண்ணை ஓரங்குலம் பரப்பி, மேலே கிராவல் (பொடிக்கல்) போட்டு மூடும் முறையை வால்ஸ்டாட் முறை என்பார்கள். செலவு குறைவு, செடிகள் செழிக்கும். நர்சரி ஒன்றில் செம்மண் என்று கேட்டு வாங்கிய பையில் சாண எருவும் கலந்திருந்ததை நான் கவனிக்கவில்லை. மூன்றாம் நாள் தொட்டி டீத்தூள் ஊறிய நிறத்துக்கு வந்தது. கையை விட்டு மண்ணை லேசாக அழுத்தினால் குமிழிகள் எழுந்து அழுகிய முட்டை நாற்றம் அடித்தது. மொத்தத்தையும் வாரிக் கொட்டிவிட்டு, இரண்டு மூன்று மில்லிமீட்டர் அளவுள்ள சாதாரண கிராவலை, கழுவிய நீர் தெளிகிற வரை கழுவி, இரண்டரை அங்குலம் போட்டேன். வேருக்கு அருகில் புதைக்கும் உர மாத்திரைகளை ஆறு அங்குலத்துக்கு ஒன்றாக வைத்தேன். முதல் தொட்டிக்கு இதுவே போதும் என்பது இப்போது என் கருத்து. கிராவல் வாங்குவதற்கு முன் நாலைந்து கல்லின் மேல் எலுமிச்சைச் சாறு பிழிந்து பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்புக் கல், நீரின் கடினத்தன்மையை ஏற்றிக்கொண்டே போகும். சிப்பியும் பவழமும் அப்படித்தான். மரக்கட்டையை இரண்டு வாரம் வாளியில் ஊறவைத்தால் அது மூழ்கப் பழகும், சாயமும் பெரும்பாலும் இறங்கிவிடும். பிறகு அதன் மேல் வெள்ளையாகப் பூசணம் போல ஒன்று படரும். அது தீங்கில்லாதது, தானாகப் போய்விடும்.

செடிகளைச் சென்னைக் கொளத்தூரில் வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே போனால் வண்ணமீன் கடைகளின் வரிசையில் கால் வைக்க இடமிருக்காது. பாலித்தீன் பைகளில் மீன்கள் தோரணம் போலத் தொங்கும். மீன் பக்கம் பார்வை போகாமல் செடி மட்டும் வாங்கிக்கொண்டு திரும்புவதற்கு மனவுறுதி வேண்டும். கரியமில வாயு உருளையும் விலை உயர்ந்த விளக்கும் இல்லாமல் வளரக்கூடிய செடிகளையே தேர்ந்தெடுத்தேன்: அனுபியாஸ் நானா, ஜாவா ஃபெர்ன், கிரிப்டோகோரைன் வெண்ட்டி, வாலிஸ்நேரியா, ஹைக்ரோஃபிலா, மேலே மிதக்கவிட ஒரு கொத்து வாட்டர் ஸ்பிரைட். முதல் இரண்டையும் கல்லுக்குள் நடக்கூடாது. அவற்றின் கிடைமட்டத் தண்டு புதைந்தால் அழுகிவிடும்; கட்டையோடு பருத்தி நூலால் கட்டினாலோ, உடனே ஒட்டும் பசையை ஒரு துளி வைத்து அழுத்தினாலோ, சில வாரங்களில் வேர் தானே பற்றிக்கொள்ளும். ஹைக்ரோஃபிலா நம் நாட்டுச் செடி, மிக வேகமாக வளரும். தொடக்கத்தில் உங்களுக்கு வேண்டியது அந்த வேகம்தான், ஏனெனில் பாசிக்குக் கிடைக்கவிருக்கும் சத்தை அது முதலில் தின்றுவிடும். அதனால் செடியை மூலைக்கு ஒன்றாக அளந்து வைக்காதீர்கள். முதல் நாளே தரையில் முக்கால் பங்கு மறையும்படி நடுங்கள்.

கிரிப்டோகோரைன் வெண்ட்டி இலங்கைக்கே உரிய செடி. நட்ட ஆறாம் நாள் காலையில் அதன் இலைகளில் ஒன்றிரண்டு கண்ணாடி போல ஒளி ஊடுருவத் தொடங்கின. மாலைக்குள் ஓரங்கள் கூழாயின. இரண்டு நாளில் பன்னிரண்டு இலைகளில் ஒன்றுகூட மிச்சமில்லை, கிராவலுக்கு மேலே பழுப்பு நிறக் குச்சிகள் மட்டும் நின்றன. முன்பே படித்திராவிட்டால் பிடுங்கி எறிந்திருப்பேன். இடம் மாறினால் இந்தச் செடி இப்படித்தான் இலையைக் கரைத்துவிடும்; போதாக்குறைக்கு, பண்ணைகளில் பல நீர்ச்செடிகளை நீருக்கு வெளியே ஈரக்காற்றில்தான் வளர்க்கிறார்கள் என்பதால், அந்த இலைகள் நீருக்கடியில் நிலைப்பதில்லை. கூழான இலைகளை மட்டும் உறிஞ்சி எடுத்துவிட்டுக் கிழங்கைத் தொடாமல் விட்டேன். மூன்றாம் வாரம், குச்சிக்குப் பக்கத்தில் ஊசி முனை அளவுக்குச் சுருட்டிய செம்பழுப்புத் தளிர் ஒன்று கல்லை விலக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இதுக்கா இவ்ளோ சத்தம்?" என்றார். ஆனாலும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து பார்த்தார்.

விளக்கைப் பொறுத்தவரை அதிக ஒளி நல்லது என்ற எண்ணமே பாசிக்கு வாசல். சுமார் 6500 கெல்வின் வெண்மையுள்ள சாதாரண எல்இடி விளக்கு, ஒரு டைமர் பிளக், முதல் மாதம் நாளுக்கு ஆறு மணி நேரம், பிறகு ஏழு அல்லது எட்டு என்று வைத்துக்கொண்டால் போதும். இரண்டாம் வாரத்தில் கண்ணாடியிலும் இலையிலும் மாவு தூவியது போலப் பழுப்புப் படலம் வரும்; அது டயாட்டம் என்ற நுண்பாசி, விரலால் துடைத்தாலே போகும், புதுத் தொட்டிகளில் வந்து தானே மறையும். பச்சை நூல் போலப் பாசி நீண்டால் விளக்கு நேரத்தை ஒரு மணி குறைத்து, பழைய பல்தேய்க்கும் பிரஷ்ஷில் நூடுல்ஸ் சுற்றுவதுபோலச் சுற்றி எடுக்க வேண்டும்.

நுண்ணுயிரி பெருக வேண்டுமென்றால் அதற்கு உணவு வேண்டும். மீன் இல்லாதபோது அம்மோனியாவுக்கு எங்கே போவது? சந்தையில் வாங்கிய இறாலில் ஒன்றை எடுத்து, பழைய காலுறைத் துணியில் கட்டித் தொட்டியில் தொங்கவிட்டேன். தொக்கு செய்ய வைத்திருந்த இறால் அது என்பதால் வீட்டில் எழுந்த கேள்விகளை இங்கே எழுதவில்லை. நான்கைந்து நாளில் அது போதுமான அளவு அழுகியதும் எடுத்தெறிந்தேன். தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனி போட்டாலும் இதே பலன் கிடைக்கும், நாற்றமும் குறைவு. நண்பர் யாரிடமாவது ஆரோக்கியமான பழைய தொட்டி இருந்தால், அங்கே ஓடிக்கொண்டிருக்கும் ஸ்பான்ஞ்சைக் கேட்டு வாங்கிவருவது எல்லாவற்றையும் விட நல்லது. காத்திருப்பு பாதியாகக்கூடக் குறையலாம்.

அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் நிறத்தால் காட்டும் சோதனைக் குப்பிகளை ஒரே முறையாவது வாங்கிவிடுங்கள். ஐந்து மில்லி தொட்டி நீரைச் சோதனைக் குழாயில் எடுத்து, சொட்டுகளை விட்டுக் குலுக்கி, ஐந்து நிமிடம் கழித்து வெள்ளைத் தாளின் முன் வைத்து நிறம் பார்க்க வேண்டும். என் தொட்டியில் முதலில் அம்மோனியாக் குழாய் மஞ்சளிலிருந்து பச்சைக்குப் போனது. இரண்டாம் வார முடிவில் அந்தப் பச்சை வெளிறத் தொடங்கியபோது, அதுவரை வெளிர்நீலமாக இருந்த நைட்ரைட்டுக் குழாய் கத்தரிப்பூ நிறத்துக்கு மாறி, இரண்டு வாரத்துக்கு மேல் அங்கேயே நின்றது. அந்த நிறத்தைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போய், சொட்டு மருந்துதான் கெட்டுவிட்டதோ என்று குடிநீரில் விட்டுக்கூடச் சோதித்தேன். 34-ஆம் நாள் காலையில் குலுக்கிய குழாய் வெளிர்நீலத்திலேயே நின்றது. மறுநாளும் அப்படியே இருந்தது. நுண்ணுயிரிகள் தயாராகிவிட்டன என்பதற்கு அதைவிடப் பெரிய அறிவிப்பு எதுவும் வராது.

மீனைத் தேர்ந்தெடுக்கும்போது ஊரின் வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். சென்னையில் மே மாதம் தொட்டி நீர் 32 டிகிரியைத் தொடும், எனவே ஹீட்டருக்குச் செலவழிக்க வேண்டாம். பல கடைகளில் முதலில் கைகாட்டும் நியான் டெட்ரா குளிர்ச்சியான நீரை விரும்புவது. தங்கமீன் பெரிதாக வளர்ந்து செடியையும் தின்னும். 'டேங்க் கிளீனர்' என்று தலையில் கட்டும் சக்கர் மீன் ஓரடிக்கு மேல் வளரும். வளர்ந்ததும் ஏரியில் விட்டுவிட்டு வருகிறவர்களால் அது நம் நீர்நிலைகளில் பெருகி, வலை போடுகிறவர்களின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்கிறது. கப்பி, பிளாட்டி ஆகிய இரண்டும் நம் கடின நீருக்கு மிகவும் ஏற்றவை. குட்டி போட்டுக்கொண்டே இருக்கும் என்பது மட்டும்தான் சிக்கல்.

நான் எடுத்தது செர்ரி பார்ப். அதுவும் இலங்கையின் தென்மேற்கு மழைக்காட்டு ஓடைகளுக்கு உரியது. இலங்கை விலங்கியலாளர் டெரணியகல 1929-இல் அதை அறிவியலுக்கு அறிமுகப்படுத்தினார். இன்று கடைக்கு வருபவை பண்ணையில் பிறந்தவை. இலை நிழலில் மெல்ல நீந்தும் இந்த மீன், அதே தீவின் கிரிப்டோகோரைனுக்கு நடுவில் இருக்கட்டும் என்று எனக்கு ஒரு ஆசை. முதலில் நான்கு, இரண்டு வாரம் கழித்து இன்னும் நான்கு. பையை இருபது நிமிடம் மிதக்கவிட்டு, சிறிது சிறிதாகத் தொட்டி நீரைப் பைக்குள் சேர்த்து, மீனை மட்டும் வலையில் எடுத்துவிட்டேன். பைத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றவில்லை. முதல் இரண்டு நாள் அவை வாலிஸ்நேரியாவுக்குப் பின்னால் வெளிறிப்போய் ஒளிந்துகிடந்தன. நான்காம் நாள் ஆண்மீன் ஒன்று மிளகாய்ப்பழச் சிவப்பில் முன்னே வந்து நின்றது. கோடையில் நீர் 30 டிகிரியைத் தாண்டும்போது மேலே ஒரு சிறிய மின்விசிறியைத் திருப்பி வைக்கிறேன். ஆவியாவதால் இரண்டு மூன்று டிகிரி இறங்கிவிடுகிறது, குறையும் நீரை ஆர்ஓ நீரால் மட்டும் ஈடுசெய்கிறேன், ஏனெனில் ஆவியாகும்போது உப்புகள் தொட்டியிலேயே தங்கிவிடும்.

இப்போது வேலை அதிகமில்லை. நாளுக்கு ஒரு வேளை, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு தீனி. ஞாயிறுதோறும் 12 லிட்டர் நீரைக் குழாயால் உறிஞ்சி எடுத்துவிட்டு, அதே அளவு கலந்த நீரை ஊற்றுகிறேன். மாதம் ஒரு முறை ஸ்பான்ஞ்சை அந்த எடுத்த நீரிலேயே இரண்டு முறை பிழிந்து திரும்ப மாட்டுகிறேன், குழாயடிக்குக் கொண்டுபோவதே இல்லை. பழுப்பான அந்த நீர் மாடியில் உள்ள கறிவேப்பிலைக்குப் போகிறது. அம்மா தொட்டியில் ஒப்புக்கொண்ட முதல் நன்மை அதுதான்.

ஹைக்ரோஃபிலாவை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை நறுக்க வேண்டியிருக்கிறது. நறுக்கிய தண்டைத் திரும்ப ஊன்றினால் அதுவே புதுச்செடி. வேண்டுபவர்களுக்குக் கொடுத்ததுபோக மிஞ்சியதைக் கால்வாயிலோ ஏரியிலோ போடுவதில்லை. கோழிக்கோடு மாவட்டத்தின் ஆவளப்பாண்டியில் 2020-ஆம் ஆண்டு நீர் முழுவதும் இளஞ்சிவப்புப் பூவாக விரிந்ததைப் பார்க்க மக்கள் கூட்டம் கூட்டமாகப் போனார்களே, அது தென்னமெரிக்காவிலிருந்து தொட்டிச் செடியாகப் பரவிய கபோம்பா. படங்களில் அழகாக இருந்தது, மற்ற நீர்ச்செடிகளுக்கு மூச்சுவிட இடம் வைக்கவில்லை. என் தண்டுகளை மாடியில் ஒரு முறத்தில் பரப்பி, மொறமொறவென்று காயும் வரை வெயிலில் போட்டு, நொறுக்கிக் கறிவேப்பிலைத் தொட்டியிலேயே தூவிவிடுகிறேன்.